நூத்திப் பன்னெண்டாம் பக்கம்

ஐயோ, அழிச்சிராதீங்க தம்பி. அந்த ரப்பரைக் கொஞ்சம் கீழ வைங்க. புக்கைத் திருப்பிக் குடுக்கத்தானே லைப்ரரிக்கு வந்திருக்கேன், பிடுங்கிக்கிட்டா ஓடப்போறேன்?

காலேஜ் பொண்ணு கேட்டுருக்காளா? கேப்பா, கேப்பா. எழுதுனவரு எந்த நாட்டுக்காரரோ, செத்தே அம்பது வருசம் ஆச்சாம். ஸ்ரீரங்கத்துல இன்னும் ஒருத்தி அந்தக் கதையைத் தேடிக்கிட்டு வர்றா பாருங்க. அப்படி என்ன இருக்குன்னா, உன்னை யாரும் கட்டிப்போடலை, நீயேதான் கட்டிக்கிட்டு நிக்கிறேங்கிறாரு. படிச்சப்போ எனக்குக் கோவமா வந்துச்சு. இவரு எங்க வீட்டுல ஒரு நாள் இருந்து பாக்கட்டும்னு நெனச்சேன். ஆனா கீழ வைக்க முடியலையே.

நான் ஆறாப்புதான். நாலு பக்கம் படிக்க ஒரு வாரம் ஆவும். அதான் திரும்பத் திரும்ப நானே எடுத்துட்டுப் போனேன். கடையில புதுசா வாங்கலாம்தான். அதுல என் பொண்ணு எழுத்து இருக்காதே.

வைஷ்ணவின்னு பேரு. எங்க அண்ணன் மகனுக்குப் பேசியிருந்துச்சு. பந்தக்கால் நட்டாச்சு, தொட்டியத்துலேருந்து வாழைமரம்கூட வந்து எறங்கிருச்சு. விடிஞ்சு பாத்தா ஆளைக் காணோம். எங்க வீட்டுக்காரரு அன்னியோட அவ பேரையே எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. அண்ணன் எங்க வாசப்படி மிதிக்கிறதில்லை. நானும் எல்லாரோடயும் சேந்து மார்ல அடிச்சுக்கிட்டு அழுதேன். நாலு வருசமாச்சு, ஒரு போன் கிடையாது. வீட்டுல பேச ஆளில்லை. அவகிட்ட பேசணும்னா எனக்கு இந்தப் பக்க ஓரம்தான் தம்பி.

லைப்ரரி புக்குல எழுதுனது தப்புதான், இல்லேங்கலை. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எடுங்க. மேல குண்டு குண்டா இருக்கே, அது அவ எழுத்து. எங்க அம்மா ஒரு நாளாவது தானா ஒரு முடிவு எடுத்திருப்பாங்களான்னு கேட்டு வச்சிருக்கா. கீழ கோணல்மாணலா இருக்கே, அது நான். அவ போனதுக்கப்புறம் பாத்து எழுதுனது. புரியலையா? ஒரு நாள் எடுத்தேன்டின்னு எழுதியிருக்கேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல முத பஸ்சுல அவளை ஏத்திவிட்டது நான்தானே. போன் பண்ணாதே, என் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்னு சொல்லி அனுப்புனதும் நான்தான். இப்பத்தான் தம்பி வாய்விட்டுச் சொல்றேன்.

சரி, அந்தக் காலேஜ் பொண்ணுக்கே குடுங்க, படிக்கட்டும். ரப்பரை மட்டும் உள்ள வைங்க.