குழியில் இறங்கினான்

நாவலைவிடப் படம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் கோபப்படுகிறவன் இல்லை நான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டம்மா. பெயர் ராஜகோபால். ஊர் திருப்புட்குழி, விவசாயக் குடும்பம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன்.

அந்த நாவல் மாசிலாமணி என்ற நெசவாளியின் கதை. மனைவி போய், வீடு போய், மானம் போய், கடைசியில் ஒரு விடிகாலையில் தனியாக நிற்பான். அத்தோடு இரண்டே சொல்லில் நாவல் முடியும்: 'குழியில் இறங்கினான்.' குழி என்றால் சவக்குழி, மாசிலாமணி உயிரை விட்டான் என்று விளக்கி நான் எழுதிய நோட்ஸ் பதினான்கு பதிப்பு கண்டது. பரீட்சையில் வேறு மாதிரி எழுதியவர்களுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். நெசவுத் தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் தப்பாக எழுதுவார்கள். கவனம் போதாது என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் ஜெபகுமார் அதைப் படமாக எடுத்தான். செவிலிமேட்டுக்காரன், சாயப்பட்டறை சாமுவேலின் மகன். எந்தத் தெரு, என்ன ஆள் என்று பார்க்கிறவன் இல்லை நான். விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். என்னிடம் பூஜ்யம் வாங்கியவர்களில் அவனும் ஒருவன்.

படத்தில் குறைகள் உண்டு. நாவலில் நாற்பது பக்கம் பெய்கிற மழையை அவன் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டான். பட்டினி கிடக்கிற மனைவிக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தான். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசிக் காட்சியில் மாசிலாமணி மேல்துண்டை உதறி வைத்துவிட்டு, தறிக்குக் கீழே இருக்கும் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, நெய்ய ஆரம்பிக்கிறான். தியேட்டரில் கை தட்டினார்கள். என் பக்கத்து சீட்டுக்காரர் அழுதார்.

எங்கள் வாசகர் வட்டத்தில் 'நாவலும் படமும்' என்று கூட்டம் வைத்தோம். ஐம்பது நிமிடம் பேசினேன். சாவைத் தறியாக்கிய அறியாமை என்று முடித்தேன். அப்போதுதான் லோகாம்பாள் என்ற நெசவுக்கார அம்மாள் எழுந்து நின்றார்.

"அய்யா, குழியில எறங்குறதுன்னா தறியில குந்துறதுபா. எங்க வூட்டுக்காரரு தெனம் காலையில எறங்குறாரு, சோத்துக்கு ஏறி வந்துடுறாரு. நாப்பது வருசமா எறங்கிக்கினுதான் இருக்குறாரு. நல்லாத்தான் இருக்குறாரு."

கூடம் முழுக்கச் சிரித்தது. என் நோட்ஸைப் படித்துப் பாஸானவர்களும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த ஜெபகுமார் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "சார், நாவலாசிரியரோட பொண்ணு ஒரு லெட்டர் குடுத்தாங்க. கடைசி வரியப் பத்தி அவரே எழுதினது. மொதல்ல நீங்க பாருங்க சார். அப்புறமா வெளிய சொல்லிக்கலாம்."

மரியாதை தெரிந்தவன். அதை நான் மறுக்கவில்லை.

படப்பிடிப்பு நடந்த தறிக்கொட்டகை செவிலிமேட்டில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. கடிதத்தை அங்கே எடுத்து வா, குழியையும் காட்டு என்றேன். காலை பதினோரு மணிக்கு வந்தான். எனக்குக் காப்பிகூட வாங்கி வந்திருந்தான். "இப்டித்தான் சார் எறங்குவாங்க" என்று குழியில் காலை விட்டு உட்கார்ந்து, காலால் அழுத்தும் மிதியைக் காட்டக் குனிந்தான். சுவரில் சாய்த்து வைத்திருந்த கட்டையை எடுத்தேன். அதற்குப் படமரம் என்று பெயர், நெய்த துணியைச் சுருட்டுவது என்பதெல்லாம் இங்கே வந்து நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு முறைதான் அடித்தேன். உயிர் உடனே போய்விடவில்லை. குழிக்குள் சரிந்து கிடந்து, "சார், யாரையாச்சும் கூப்டுங்க சார்" என்றான். அருகில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை அவனுக்கு வாசித்தேன், பதினோரு பக்கம். நிறுத்தி, நிதானமாக, வகுப்பில் வாசிப்பதைப் போலவே வாசித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. காப்பி ஆறிப்போயிருந்தது, ஆனாலும் குடித்தேன். வாங்கி வந்ததை வீணாக்கக் கூடாது.

கடிதத்தை நான் பிரிக்கவில்லை. ஆசிரியரின் மனம் தெரிந்தவனுக்குக் கடிதம் எதற்கு? பாலாற்றில் விட்டேன். ஆற்றில் மணல்தான் இருந்தது, அதனால் அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. வாசித்துக் காட்டவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம்.

வாக்குமூலத்தை 'ஜெபகுமார் குழியில் இறங்கினான்' என்று முடிக்கச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டீர்கள். "அப்டி எழுதினா நெய்யப் போனாருன்னு ஆயிடும் சார். எங்கப்பாவும் தறிக்காரருதான். செத்தாரா இல்லியான்னு கோர்ட்டுல கேப்பாங்க."

சரி. ராஜகோபாலாகிய நான் ஜெபகுமாரை அடித்துக் கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே ஓர் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும், ஏட்டம்மா: மாசிலாமணி பிழைக்கவில்லை.