கதவுக்கு மேல ஒரு கோழி

அது ப்ளேடோட குத்தமில்ல வாத்தியாரே. ப்ளேடு பாவம், ஒண்ணும் அறியாது. தடியான பன்னெண்டாம் நம்பரப் போட்டு மரத்துல தேன்சிட்டோட மூக்க அறுத்தா அது ஒடியாம வேற என்ன செய்யும்? கோடாலிய வச்சு காது குடைஞ்ச கதைதான். அந்தத் துண்ட இப்படிக் குடுங்க, பாப்போம். ம். செடார். நல்ல மரம்தான். ஓரமெல்லாம் கருகியிருக்கே, அறுத்தீங்களா வறுத்தீங்களா?

இல்லல்ல, சிரிக்கல. இருமல். டிசம்பர் வந்தா எனக்கு இப்படித்தான், எங்க பெல்மாண்ட் பேட்டை பூரா பெயிண்ட் வாசன.

பெரிய நம்பர்னா பெரிய பலம்னு நினைச்சிட்டீங்க, அதானே? நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்த மனுஷன், நம்பரப் பாத்தா மயங்குறது? சரி விடுங்க. மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ப்ளேடுன்னு ஒரு சாமான் உலகத்துலயே கிடையாது. நீங்க வந்து, ஒரு ப்ளேடு குடுப்பான்னு கேட்டீங்க பாருங்க, அது டாக்டர் கிட்டப் போயி ஒரு மாத்திரை குடுங்கன்னு கேக்கற மாதிரி. என்ன மரம், எத்தன கனம், வளைவு எப்படி, உள்துளை எத்தன, இதெல்லாம் தெரியாம நான் ப்ளேடு குடுத்தேன்னா நான் கடைக்காரன் இல்ல, கொலைகாரன்.

முக்கால் இஞ்ச் பலகையா? சரி. அப்ப எப்பவும் மூணு பல்லாவது மரத்துக்குள்ள இருக்கணும். அதுக்குக் கம்மியானா ப்ளேடு அறுக்காது, கடிக்கும். ரொம்ப அதிகமானா தூள் வெளிய வர வழியில்லாம உள்ளயே சூடேறிக் கருகும். பல்லு எல்லாம் கீழ பாத்து இருக்கணும். மேல பாத்து மாட்டினீங்கன்னா பலகை துள்ளும், குட்டி போட்ட ஆடு மாதிரி. துள்ளிச்சா? நினைச்சேன். சட்டைக் கைய லேசா உரசிப் பாருங்க, எந்தப் பக்கம் இழுத்தா மாட்டுதுன்னு தெரியும். கண்ண நம்பாதீங்க, நம்ம வயசுல கண்ணு பொய் சொல்லும்.

அதுவா? அது சுருள் ப்ளேடு. கைய வைக்காதீங்க அதுல. ஆமா, எல்லாப் பக்கமும் பல்லு, பலகையத் திருப்பவே வேணாம்னு இன்டர்நெட்ல ஒருத்தன் சொல்லியிருப்பான். உண்மதான். சனிக்கிழமை சாயங்காலம் ரம் கடையிலேருந்து வர்றவன் மாதிரி அது, எல்லாப் பக்கமும் போகும், நேரா மட்டும் போகாது.

இந்தப் பூவேலை எந்த வீட்டுக்குன்னு சொன்னீங்க?

சீமைப்பலா மரத்துக்கு எதுத்த நீல வீடு. ம். யூட்ரிஸம்மா வீடு. தபால் ஆபீஸ்ல இருந்தாங்களே, அவங்கதான? தெரியும். தெரியும்னா, எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி தெரியும். நீங்க எப்படி அரிமா ஊர்லேருந்து வந்து இங்க மாட்டினீங்க? ஓ, சர்ச் பாட்டுக் குழு. நீங்க என்ன குரல், தாழ்ந்த குரலா? இருக்கட்டும், இருக்கட்டும். அறுக்குற மிஷின் மக வாங்கிக் குடுத்தது. ரிட்டயர் ஆனப்பறம் பொழுது போகணுமேன்னு. உங்க சம்சாரம்? அடடா. எத்தன வருஷமாச்சு? ஆறு. ம்.

வேலை பாக்கப் போனப்ப அந்தம்மா என்ன குடுத்தாங்க? சோரலா. அந்தச் செவப்புச் சர்பத்த எல்லாருக்கும்தான் குடுப்பாங்க, கிறிஸ்மஸ் மாசத்துல தபால்காரனுக்கும் சோரல்தான். கேக்கு? கறுப்பு கேக்கா? எத்தன துண்டு? அதக் கேக்கல, துண்டு மெலிசா இருந்துச்சா, தடியா? சும்மாதான் கேட்டேன். மெலிசா. சரி. சரி, அப்பப் பரவால்ல.

இங்க பாருங்க வாத்தியாரே, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். உங்களுக்கு வேண்டிய ப்ளேடு இந்த டிராயர்ல இருக்கு. போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல வேற கடையில இப்பக் கிடைக்காது, கிறிஸ்மஸ் வரைக்கும் சரக்கு வராது. எடுத்துத் தர்றேன். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அந்த வீட்டுக் கதவுக்கு நேர் மேல இருக்கற பலகைய என்ன பண்றதா சொன்னாங்க?

ஏன் கேக்கறேனா? தொழில்முறைக் கேள்வி. பட்டியல்படி செய்வேன்னா அது என்ன பதில்? நீங்க இன்னும் நிமிந்தே பாக்கலையா? மூணு வாரமா அந்த வாசல்ல ஏறி இறங்கறீங்க, சோரல் குடிக்கறீங்க, கதவுக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கல. கேக்குத் துண்ட மட்டும் பாத்தீங்க.

சொல்றேன், உக்காருங்க. அந்தப் பெயிண்ட் டப்பா மேல உக்காரலாம், காலி டப்பாதான்.

அந்த வீட்டு நெத்தி முழுக்க, கூரை ஓரமா, மரப் பூவேலை போகுது பாருங்க. ஒவ்வொரு பலகைலயும் ஒரு பூ, பூவுக்கு நேரா மூக்க நீட்டிக்கிட்டு ஒரு தேன்சிட்டு. அறுத்தவன் நல்லாத்தான் அறுத்திருக்கான், சும்மா சொல்லக் கூடாது. கண்ணு மிளகு அளவுதான் இருக்கும். அந்தத் துளைக்குள்ள ப்ளேட விட்டு, மறுபடி மிஷின்ல பூட்டி, கண்ண அறுத்து, மறுபடி கழட்டி. அதுக்குத்தான் முனையில ஊசி வச்ச ப்ளேடு வாங்காதீங்கன்னு சொல்றேன், ஊசி துளைக்குள்ள போகாது, போகணும்னா கண்ணு பட்டாணி அளவு ஆயிடும். தேன்சிட்டு ஆந்தையா முழிக்கும்.

எல்லாம் தேன்சிட்டு. கதவுக்கு நேர் மேல மட்டும் ஒண்ணுக்கு மூக்கில்ல. மூக்கு போச்சுன்னா தேன்சிட்டு என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க. உருண்ட உடம்பு, கட்ட றெக்கை. கோழி. பூவுக்கு முன்னாடி நிக்குது, எதுக்கு வந்தோம்னு மறந்துபோன கோழி. தபால்காரன் கூட, கோழி வீட்டுக்குக் கடிதாசின்னுதான் சொல்லுவான்.

எப்படி ஆச்சா? உங்கள மாதிரியேதான். கிறிஸ்மஸுக்கு மொத நாள். ஒரே ஒரு பலகை பாக்கி. மெலிசான ரெண்டாம் நம்பர் ப்ளேடு தீந்துபோச்சு. கடை நானூறு அடி தூரத்துல தொறந்துதான் இருக்கு. இருந்தாலும் அந்த வீட்டு மனுஷனுக்கு ஒரு கையில ரம்மு, மிஷின்ல ஏற்கெனவே பன்னெண்டாம் நம்பர் மாட்டியிருக்கு, எல்லாம் ஒண்ணுதான்னு அறுத்துட்டான். அதுலயும் மூக்க ரேகைக்குக் குறுக்க வச்சு அறுத்திருக்கான். மர ரேகை மூக்கு நீளத்துக்கு ஓடணும் வாத்தியாரே, குறுக்க ஓடினா ரெண்டாம் நம்பர் இல்ல, ஒத்த முடிய வச்சு அறுத்தாலும் ஒடியும். ஒடிஞ்சுது. அந்தம்மா பாத்தாங்க. அதையே எடுத்து, கதவுக்கு நேர் மேல அடிக்கச் சொன்னாங்க. தினமும் வீட்டுக்குள்ள போறப்ப அவன் அதுக்குக் கீழ குனிஞ்சு போகணும்னு.

எனக்கு எப்படித் தெரியும்னா, ஹார்ட்வேர் கடை. பாதிரியார் கிட்டச் சொல்லாததெல்லாம் இங்க சொல்லுவாங்க.

மாத்திடறேன்னுதான் சொன்னான். கார்னிவல் முடியட்டும், மாத்திடறேன். எந்தக் கார்னிவல்னு அவனும் சொல்லல, இவங்களும் கேக்கல. ட்ரினிடாட்ல இது ஒரு வசதி, எப்பப் பாத்தாலும் ஒரு கார்னிவல் பாக்கி இருக்கும். வருஷா வருஷம் டிசம்பர்ல கேப்பாங்க, அந்தக் கோழி என்னாச்சு? கார்னிவல் முடியட்டும் யூட்ரிஸ். பத்தொம்பது கார்னிவல் போச்சு. பாலம் கட்டினான், சர்ச் ஜன்னல் செஞ்சான், அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் தேன்சிட்டு அறுத்தான். பாலம்னா சின்னப் பாலம், சாக்கடை மேல.

அப்பறம் என்ன, ஒரு டிசம்பர் காலையில வாசல்ல அவன் பொட்டி, அது மேல அறுக்குற மிஷின், அது மேல தொப்பி. துணியெல்லாம் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சிருந்தாங்க. அதான் கொடுமை. கசக்கி எறிஞ்சிருந்தா கோவம்னு எடுத்துக்கலாம், கோவம் ஆறும். இஸ்திரி போட்டு அனுப்பினா முடிவு பண்ணியாச்சுன்னு அர்த்தம்.

நாலு வருஷம் ஆச்சு. எங்க போனானா? எங்கயோ. பக்கத்துலதான். அத விடுங்க.

இப்ப நான் ஏன் கேக்கறேன்னு புரிஞ்சுதா? உங்களுக்குப் புரியாது, அரிமாவுல எப்படியோ. இங்க பதினோரு மாசம் ஒருத்தனும் ஒரு ஆணி அடிக்க மாட்டான். கூரை ஒழுகும், கீழ பாத்திரம் வச்சுட்டுச் சீட்டாடுவான். டிசம்பர் பொறந்தா மட்டும் ஊரே ஏணி மேல. கிறிஸ்மஸ் காலையில வீடு புதுசா நிக்கணும், புதுத் திரை தொங்கணும். யார் மாட்டினதுங்கறதும் முக்கியம். ஒருத்தன் வீட்ல வேறொருத்தன் வந்து திரை மாட்டினான்னு வைங்க, போச்சு. வீடு வீடா கிறிஸ்மஸ் பராங் பாட வர்றவங்க வாசல்ல நின்னு அதுக்கு ஒரு அடி கட்டிப் பாடிட்டுத்தான், ஹாம் தின்னுட்டுப் போவாங்க. நீங்க திரை மாட்டல வாத்தியாரே. வீட்டு நெத்தியவே மாத்துறீங்க. அந்தக் கோழியும் இறங்கிடுச்சுன்னா, அறுத்தவன் அந்த வீட்ல இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. விறகா எரிச்சு அதுலயே வாழையிலையில சுத்தின பாஸ்டெல் வேகவச்சாலும் வைப்பாங்க, அந்தம்மா சிக்கனம்.

நான் ஏன் கலங்கறேன்? கலங்கலயே. ப்ளேடு பேசுவோம்.

உடம்பு, றெக்கை, பூ, இதுக்கெல்லாம் அஞ்சாம் நம்பர். ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு இருக்கறது, அப்பத்தான் தூள் வெளிய வரும். அடியில கடைசி நாலஞ்சு பல்லு மட்டும் மேல பாத்து இருக்கு பாருங்க, தப்பில்ல, வேணும்னுதான் அப்படி. பலகையோட அடிப் பக்கம் சிலாம்பு கிளம்பாது, உப்புத்தாள் வேலை பாதி மிச்சம். மூக்குக்கும் கண்ணுக்கும் ரெண்டாம் நம்பர். மெதுவா. தள்ளாதீங்க, அது சாப்பிடட்டும், நீங்க பரிமாறுங்க, அவ்வளவுதான். செடார்ல ஒரு ப்ளேடு ரெண்டு மூக்கு தாங்கும், மூணாவதுக்குப் பேராசப்பட்டா பட்டுனு போயிடும். அப்ப நாப்பத்திரெண்டு பறவைக்கு இருபத்தொரு ப்ளேடு. ரெண்டு டஜனா எடுத்துக்கோங்க, மூணு கை தவறினதுக்கு.

என்னது?

நாப்பத்தொண்ணு இல்ல. நாப்பத்திரெண்டு. முன்பக்கம் முப்பது, ரெண்டு பக்கமும் ஆறு ஆறு. எண்ணித் தப்பா எழுதியிருப்பீங்க. நீங்க எண்ணலையா? யாரு, அவங்களேவா? வெளிய வந்து நின்னு விரல் விட்டு எண்ணினாங்களா. வாத்தியாரே, முப்பது வருஷம் தபால்தலை எண்ணின கை அது. ஒண்ணு குறையாது, கூடாது.

சீட்டு இருக்கா? காட்டுங்க. இருங்க, கண்ணாடி. அவங்க எழுத்துதான். ஏழுக்கு நடுவுல கோடு போடுவாங்க. நாப்பத்தொண்ணு. அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்கே.

கதவுக்கு மேல இருக்கறதத் தொடக் கூடாது. பெயிண்ட் மட்டும்.

அடிக்கோடு வேற. ரெண்டு.

இதப் படிச்சீங்கல்ல? படிச்சும், இவ்வளவு நேரம் நான் கோழி கோழின்னு தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன், சும்மா உக்காந்திருக்கீங்க. எந்தப் பலகைன்னு தெரியலையா. நிமிந்து பாக்காத மனுஷன் கிட்டக் கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

ஒரு நிமிஷம். ஒண்ணுமில்ல, கண்ணுல மரத்தூள். இந்தக் கடையில மரம் அறுக்கறதில்லன்னு எனக்கும் தெரியும் வாத்தியாரே.

இந்தாங்க, அஞ்சாம் நம்பர் ரெண்டு டஜன், ரெண்டாம் நம்பர் ரெண்டு டஜன். அந்தப் பன்னெண்ட இங்கயே வச்சுட்டுப் போங்க, அது கெட்ட ராசி. எந்திரிங்க, கடையச் சாத்தணும். மணி பதினொண்ணுதான், தெரியும். முதலாளி கேட்டா நான் பாத்துக்கறேன், மாடியிலதான நாலு வருஷமாக் குடியிருக்கேன், இன்னிக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனா உத்தரம் இடிஞ்சிடாது. நானும் வர்றேன். ஏணிய யாரு பிடிப்பா? அந்தக் கோழிக்குப் பெயிண்ட் அடிக்கறதுக்கும் ஒரு கை வேணும், மூக்கு ஒடிஞ்ச இடத்துல வேற கையால அடிச்சா திட்டுத் திட்டா நிக்கும்.

யாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்களா? ப்ளேடு கடைக்காரன்னு சொல்லுங்க, போதும். மிச்சத்த அவளே சொல்லிக்குவா. இருபத்து மூணு வருஷமா என் பொண்டாட்டி, பேரு மறந்திருக்காது.

அவ இஸ்திரி போட்டு அனுப்பின சட்டைய மாட்டிட்டு வந்துடறேன், ரெண்டு நிமிஷம். நீங்க முன்னாடி நடங்க. அந்த வீட்டு வாசப்படியில மூணாவது பலகை ஆடும், ஓரமாக் கால் வச்சு ஏறுங்க. அதையும் கார்னிவலுக்கு அப்பறம்னுதான் சொல்லி வச்சிருந்தேன்.