ரெண்டு பேராப் போனாத்தான்

— மூணு நாளா ஒரே பதில்தான் தீபா. “புடிக்கல.” வேற வார்த்தையே தெரியாதா ஒனக்கு?

— புடிக்கலன்னா புடிக்கலதான். தள்ளி நில்லு தமிழு, சோப்புத் தண்ணி தெறிக்கும்.

— தெறிக்கட்டும். வடமதுரைப் பள்ளிக்கூடத்துல ஒம்பதாவதுக்குச் சேக்குறது இன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. அறிவுச்செல்வி டீச்சர் நம்ம ரெண்டு பேரு டிசியையும் எங்கையிலயே குடுத்துட்டாங்க. இந்தா, ஒன்னுது.

— அந்தக் கல்லு மேல வையி. ஈரம் படாம வையி.

— வேணாங்குறவளுக்கு ஈரம் பட்டா என்ன?

— சும்மா சொன்னேன்.

— நம்ம ஊரு வழக்கம் ஒனக்குத் தெரியாதா? பஸ்சுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். வழியில ஒரு வீடு கெடையாது, முச்சூடும் தென்னந்தோப்பு. ஒத்தப் பொட்டப்புள்ளய அனுப்ப மாட்டாக. போன வருசம் சண்முகவள்ளி மில்லு வேலைக்குப் போனதும், அவகூடப் போன பொன்னழகையும் நிப்பாட்டிட்டாகள்ல? இந்த வருசம் எட்டாவது முடிச்சது நம்ம ரெண்டே பேரு. நீ நின்னா நானும் நின்ன மாதிரிதான்.

— தெரியும்.

— தெரிஞ்சேதான் செய்யுறியா?

— வேற எதாச்சும் பேசேன். ஒங்க வீட்டுப் பாப்பா எப்படி இருக்கு? பல்லு மொளச்சிருச்சா?

— மொளச்சிருச்சு, என் தோள்ல கடிச்சு வச்சிருக்கு பாரு. அம்மா விடியுமுன்ன மல்லிப்பூ எடுக்கப் போயிரும். பத்து மணி வரைக்கும் அது என் இடுப்புலதான். அப்பா திருப்பூர்லருந்து மாசம் ஒருக்கா வந்து எட்டிப் பாக்குறதோட சரி. இம்புட்டுலயும் எங்கம்மா ஒரு வார்த்த வேணாங்கல தீபா. “அவ வந்தா நீ தாராளமாப் போத்தா”ன்னுச்சு. பெத்தவளே விடுறா, நீ விட மாட்டேங்குற.

— அத்த அப்படியா சொன்னாங்க?

— ஆமா. எம்மேல அம்புட்டு ஆச அதுக்கு.

— ம்.

— கொடியில என்ன அது? பெரிய பள்ளிக்கூடத்து யூனிபாரமா?

— அக்காளோடது.

— ஒனக்கு ஏதுடி அக்கா?

— …சரி, என்னுதுதான். போன வாரம் அப்பா எரியோட்டு டெய்லருகிட்டத் தச்சு வாங்கியாந்தாரு. அய்யலூரு சித்தி மகளுக்குக் குடுத்துரலாம்னு அலசிப் போட்டேன். ஒரு தடவதான் போட்டுப் பாத்தேன்.

— போன வாரம் தச்சுட்டு, இந்த வாரம் புடிக்கலயா? நடுவுல என்னடி ஆச்சு? துணியப் போட்டுட்டு எம் மூஞ்சியப் பாரு. இப்பச் சொல்லல, இனிமே இந்த வாசப்பக்கம் வர மாட்டேன். ஒங்கூட எப்பவுமே பேச மாட்டேன்.

— அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்.

— யாருகிட்ட?

— எங்கம்மா செத்ததுலருந்து எனக்குத் தல சீவி விட்டது யாரு? வெள்ளிக்கெழமன்னா ஒனக்குத் தேய்க்குற எண்ணெயில எனக்கும் ஒரு கை தேச்சு விட்டது யாரு? அவுங்க வந்து இந்தக் கல்லுல உக்காந்து, பாப்பாவப் பாக்க ஆளில்லன்னு அழுதா நான் என்னத்தச் சொல்லுவேன்?

— எங்கம்மாவா?

— “நான் வேணாம்னு சொன்னா தமிழு ஆயுசுக்கும் எங்கூடப் பேச மாட்டா தாயி, நீ போகலன்னு சொல்லிரு. ஒங்கூடப் பேசாட்டிப் பரவால்ல”ன்னாங்க.