பாலம் தாண்டாத பஸ்

தலைமை வகிக்கும் குருசாமி அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கச்சி சீனியம்மாள், மகள் மாடத்தி, அக்கரையிலிருந்து நடந்து வந்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நமது பாலக் கமிட்டித் தலைவர் சமுத்திரம் போய்விட்டார். எனக்கு முன்னால் பேசியவர்கள் வள்ளல் என்றார்கள், தியாகி என்றார்கள். கமிட்டிச் செயலாளரான எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பத்து நான்கில் இந்த ஆற்றில் பாலம் ஏது? மலையில் மழை பெய்தால் அக்கரை துண்டிக்கப்பட்டுவிடும். பிரசவ வலியெடுத்த இருளம்மாளைக் கட்டிலோடு தூக்கி வந்து, வெள்ளம் வடியட்டும் என்று கரையில் காத்திருந்தோம். வடிந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருளம்மாள் யார்? சமுத்திரத்தின் உடன்பிறந்த தங்கை! அந்த மாதமே கமிட்டியைத் தொடங்கினார். "அக்கரைக்குப் பாலம் ஒண்ணுதான் கேடாக்கும்?" என்று கேட்டவர்களில் இருவர் இந்த மேடையில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே தெரியும்.

அலைந்து அலைந்து ஒரு சர்வேயரை வரவழைத்தார் சமுத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், நல்ல மனிதர். வந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பால்கோவா கொடுத்தார். தூண் நிற்கப் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பிள்ளை பிடிக்க வந்தவன் என்று அவரை வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள்!

சமுத்திரம் ஓடி வந்தார். "ஏலே, அவுத்து விடுங்கலே! பாலத்துக்கு அளக்க வந்த மனுசன்லே!"

"அப்பம் பால்கோவா எதுக்குக் குடுத்தான்?"

"ஒனக்குக் குடுக்கலைன்னு கட்டிப்போட்டியாக்கும்?"

சிரிக்கிறீர்கள். அதனால் வேலை எத்தனை வருடம் கிடப்பில் கிடந்தது! சமுத்திரம் அந்த சர்வேயர் வீட்டுக்குப் போய் ஊருக்காக மன்னிப்புக் கேட்டார். வேலை தொடங்கிய பிறகும் பயத்தில் கூலிக்கு ஆள் வரவில்லை. சமுத்திரமே குடும்பத்தோடு தூண் குழிப் பக்கத்தில் குடிசை போட்டுக் குடியேறினார். "பிள்ளை வேணும்னா மொதல்ல எம்புள்ளைய எடுக்கட்டும்" என்றார். அந்தப் பிள்ளைதான் மாடத்தி. பிறகு ஆள் வந்தது, கான்கிரீட் விழுந்தது, தொண்ணூற்றிரண்டில் பாலம் திறந்தது. திறப்புவிழாக் கல்லில் அவர் பெயர் உண்டா? கிடையாது!

பாலத்தை எதற்குக் கேட்டோம்? வேடிக்கை பார்க்கவா? முடியாதவர்கள் பஸ்ஸில் ஆஸ்பத்திரி போகத்தானே! நான்கு வருடமாகியும் பஸ் இக்கரையிலேயே திரும்புகிறது. அக்கரையில் வண்டி திருப்ப இடமில்லையாம். "என் தோப்பு மூலையை எடுத்துக்கோங்க" என்று சமுத்திரம் சொன்னார். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. போன வாரம் நெஞ்சுவலி என்றார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் தூக்கி வந்தோம். அவ்வளவுதான்.

நேற்று துக்கம் கேட்கப் போயிருந்தேன். "தோப்பு மூலையில நிக்கிற தென்னைய வெட்டச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றாள் சீனியம்மாள்.

"பதினாறு முடியட்டுமே தாயி."

"அவிய இருக்கும்போதே பஸ் வரலை. இனியும் என்னத்தக் காக்க?"

மரம் விழுந்துவிட்டது. இடம் தயார். திங்கட்கிழமை காலை டெப்போ வாசலில் உட்காரப் போகிறேன். பஸ் பாலம் தாண்டும்வரை எழுந்திருக்க மாட்டேன். சமுத்திரத்துக்கு நான் செய்யும் மரியாதை அதுதான். இங்கே கண்ணீர் விட்டவர்கள் அங்கே வாருங்கள். வராதவர்கள் என் இரங்கல் கூட்டத்துக்கும் வர வேண்டாம்.