கெட்டி ஓடு

“ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார். இந்த வெயில்ல அது சூட்டைத்தான் கீழ எறக்குது.”

இன்ஸ்பெக்டர் லியாகத் அலி எழுதுவதை நிறுத்தவில்லை. “ஃபேன் கெடக்கட்டும் ராஜவேலு. தீவனத்துல இன்னா கலந்தீங்க? அத்த சொல்லுங்க.”

சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஆம்பூருக்கு வெளியே இருக்கிற என் பண்ணைக்குத் தகரக் கூரை. சித்திரை பிறந்தால் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விலக்கி வைத்துக்கொண்டு இரைக்கும். தீனி எடுக்காது. அப்போது இடுவதெல்லாம் ஓடு இறுகாத தோல்முட்டை; எடுத்தாலே விரல் உள்ளே போய்விடும். என் முட்டை முழுவதும் ஒரு குழந்தைகள் விடுதிக்குப் போகிறது. “இன்னொரு வாட்டி இப்டி ஒடஞ்சி வந்துச்சின்னா நாமக்கல் லோடு எறக்கிக்குவோம் அண்ணே” என்று அங்கே சமைக்கும் ஷஹீன் பானு சொல்லிவிட்டார். விடுதியும் கைவிட்டால் பண்ணையைப் பூட்ட வேண்டியதுதான்.

கால்நடை மருத்துவர் சாமுவேல், ஓடு இறுக, சாயங்காலத் தீனியில் கிளிஞ்சல் குருணையைக் கூட்டச் சொன்னார். வெக்கை தாங்க, குரோமியம் சேர்ந்த சத்து மாவு ஒன்றும் உண்டு என்றார். அதன் விலை எனக்கு எட்டாது. ஆனால் குரோமியம் என்றதும் சிரிப்பு வந்தது. தோல் பதனிடும் ஷாப்பில் சீவல் மெஷினில் நின்றவன் நான். குரோம் ஏறிய தோலைச் சீவும்போது விழும் நீலத் தூள் ஷாப் சுவருக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிறது. அள்ளி வந்து, வறுத்து அரைத்து, கிளிஞ்சலோடு சேர்த்துச் சோளத்தில் கலந்தேன்.

ஆகாது என்று தெரியுமா என்பீர்கள். தெரியும். அந்தத் தூள் பட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணாகித்தான் அந்த வேலையை விட்டேன். ஆனால் கோழி வயிறு சல்லடை மாதிரி, கெட்டது எச்சத்தோடு போய்விடும் என்று வைத்துக்கொண்டேன். இருந்தாலும் வீட்டுத் தேவைக்குச் சில கோழிகளை ஓரக் கூண்டில் அடைத்து, வெறும் சோளமே போட்டேன்.

ஓடு கெட்டியானது. தூளாலா கிளிஞ்சலாலா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

விடுதிப் பிள்ளைகளுக்கு வாந்தி என்றார்கள். வெயில் என்றேன். பிறகு மூத்திரத்தில் ரத்தம் என்றார்கள். அன்றும் லோடு போனது. முட்டையில் ஒரு கீறல் கிடையாது.

நேற்று நீங்கள் மூட்டைகளுக்குச் சீல் வைத்தபோது என் மனைவி தீபலட்சுமியின் காதில் சொன்னேன்: “பயப்படாத. நம்ம ஊட்டுக்கு ஓரக் கூண்டு முட்டதான்.”

“அந்தத் தோல்முட்டையா? அத்த நாய்க்குல்ல ஊத்துறேன்” என்றாள். “பாப்பாக்கு கெட்டி ஓடாப் பாத்துதான் தெனம் எடுக்குறேன். இன்னாத்துக்கு கேக்குறீங்க?”

தனிக் கூண்டு எதற்கு என்று அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மற்ற முட்டையை விற்க விட்டிருக்க மாட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் கலந்தேன். அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். காலையிலிருந்து என் மகள் நித்யஸ்ரீ எதைக் கொடுத்தாலும் கக்குகிறாள். வேலூர் ஆஸ்பத்திரியில் விடுதிப் பிள்ளைகளே வராந்தா வரைக்கும் படுத்திருக்கிறார்களாம்.

“சார், டாக்டருக்கு ஒரு போன் போட்டு, அந்தப் புள்ளைங்களுக்கு முன்னாடி எம் பொண்ணப் பாக்கச் சொல்றீங்களா?”