பின்கதவு ஓரத்துச் சாயம்

சாயம் வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்பார்கள். மாம்பழ மஞ்சளா, கிளிப்பச்சையா என்று நிற அட்டையைப் புரட்டிக்கொண்டே நிற்பார்கள். புருஷன் ஒன்று சொல்ல, பெண்சாதி ஒன்று சொல்ல, கடைக்குள்ளேயே சின்னதாக ஒரு சண்டை நடக்கும். பளபளப்பு எவ்வளவு வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான்தான் எடுத்துச் சொல்வேன். சுவரில் மேடுபள்ளமும் ஒட்டுப்போட்ட இடமும் இருந்தால் பளபளப்பே இல்லாத மேட் சாயம் அடியுங்கள், குறையெல்லாம் அமுங்கிவிடும். சமையற்கட்டுக்கு எண்ணெய்ச் சாயம். வழவழவென்று இருக்கும், தாளிப்புக் கறையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். படுக்கையறைக்கு இரண்டுக்கும் நடுவிலுள்ள சேட்டின் போதும். ரந்தாவ் டவுனில் எங்கள் முதலாளி தவுக்கேயின் கடைக்கு வந்து, என் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனவர் யாரும் இல்லை.

நீங்கள் கேட்டது எங்கள் வீட்டுப் பின்கதவு ஓரத்தைப் பற்றி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த என் கொழுந்தியாள் திலகா, அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. முறையாகச் சொல்கிறேன் ஐயா, அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

என் மனைவி மோகனாவுக்கு இனிப்புநீர் வியாதி முற்றிப்போய் இரண்டு கண்ணும் தெரியாமல் போயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோலா சாவாவில் தோட்டத்தை விற்றபோது தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. பின்கதவைத் தாண்டினால் தரை கிடையாது. நேரே செங்குத்தான சிமெண்டுப் படிகள். கீழே, செம்பனைக் காட்டிலிருந்து மழைத் தண்ணீர் ஓடிவரும் பெரிய கால்வாய். நீங்கள்தான் வந்து பார்த்தீர்களே.

கண் போன புதிதில் எதற்கெடுத்தாலும் அவளுக்கு நான் வேண்டும். தண்ணீர் வேண்டுமா, "என்னங்க." சீப்பைக் காணோமா, "என்னங்க." தவுக்கேயிடம் கெஞ்சி மத்தியானமே வீட்டுக்கு ஓடிவருவேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன், சோறு பிசைந்து கொடுப்பேன். மறைக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைப்போல நிம்மதியான காலம் வேறில்லை. அதற்கு முன்னாலெல்லாம் வீட்டில் நான் ஒரு ஆள் இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். கோயில் மாதர் குழு, யார் வீட்டுக் கல்யாணமோ, யாருக்கு வளைகாப்போ, அங்கெல்லாம் அவள் இல்லாமல் காரியம் நடக்காது.

ஒருநாள் குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதாள். "கக்கூசுக்குப் போறதுக்குக்கூட ஒங்கள கூப்புடணும்னா, நான் எதுக்குங்க உசுரோட இருக்கணும்?" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

கூடத்துக்கும் நடைக்கும் மேட் அடித்தேன். படுக்கையறைக்கு சேட்டின், சமையற்கட்டுக்கு எண்ணெய்ச் சாயம். காய்ந்ததும் அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்து இழுத்துக் காட்டினேன். "இது சொரசொரன்னு இருக்கு, ஹாலு. இது ஜில்லுன்னு வழுக்குது, குசினி" என்று குழந்தை மாதிரி சிரித்தாள். நடை முழுக்க மேட். அதன் கோடியில், பின்கதவுக்கு முன்னால் மட்டும் இரண்டு முழ அகலத்துக்கு எண்ணெய்ச் சாயம். "கை வழுக்குனா அங்கயே நின்னுடு. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது" என்றேன். பக்கத்து வீட்டு ராக்கம்மா ஊரெல்லாம் சொன்னாள், ஹேமநாதன் மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கைதேர்ந்து, வீட்டுக்குள் ஓட்டமும் நடையுமாகத் திரிந்தாள். சமைத்தாள். மழை இருட்டினால் நடையில் விறுவிறுவென்று போய், கை வழுக்கிய இடத்தில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கொடியில் காயும் துணியை எட்டி எடுத்துவிடுவாள். நான் வீட்டுக்கு வந்தால், "வந்துட்டீங்களா, சோறு மூடி வச்சிருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். 'என்னங்க' நின்றுபோனது. நான் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். கூப்பிடுவாளோ என்று காத்திருப்பேன். அந்த ஏக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

திலகா சி ரூசா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அங்கே பார்வையில்லாதவர்கள் விருந்தாளிகளுக்குக் கால் பிடித்துவிடும் வேலை செய்கிறார்களாம். அக்காவையும் சேர்த்துவிடுகிறேன், என்னோடு தங்கட்டும் என்றாள். தீபாவளி கழிந்ததும் போவதென்று இருவருமே முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. சொன்னார்கள்.

"அங்க ஒன்ன யாரு பாத்துக்குவா?" என்று கேட்டேன்.

"அங்கயும் செவுரு இருக்கும்லா" என்றாள் மோகனா. "நீங்க சனி ஞாயிறு பஸ் ஏறி வாங்க."

"மச்சான் வேணும்னா வந்து எங்க வீட்டுக்கும் சாயம் அடிச்சுக் குடுங்க" என்று திலகா கிண்டல் செய்தாள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீபாவளி வந்தால் நம்மவர்களில் சாவு விழுந்த வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் சாயம் அடிப்பார்கள். நானும் லீவு போட்டு அடித்தேன். அதில் யாருக்கும் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. சுவரெல்லாம் பழசாகிவிட்டது, குறை தெரியாமல் இருக்க வீடு முழுக்க மேட் அடிக்கிறேன் என்று ராக்கம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

எண்ணெய்ச் சாயத்தின் மேல் மேட்டை அப்படியே அடித்தால் பிடிக்காது, உரிந்து வந்துவிடும். முதலில் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை எடுக்க வேண்டும். பின்கதவு ஓரத்தைப் பொறுமையாகத் தேய்த்தேன். விளிம்பு ஒரு நூல் மிஞ்சினாலும் அவள் உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். அடித்துக் காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானே தடவிப் பார்த்தேன். எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. வாடை ஒன்று பாக்கி. எண்ணெய்ச் சாயத்தின் வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது வரவில்லையென்றால் கேட்பாள். அதனால் பின்கதவின் வெளிப்பக்கத்துக்கு எண்ணெய்ச் சாயம் அடித்தேன். கதவுக்கும் அழகாகத்தான் இருந்தது.

"பின்கதவுகிட்ட பழையபடிதானே அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"பழையபடிதான். ஈரமா இருக்கு, தொட்டுடாத" என்றேன். அவள் தொடவில்லை. என் வேலையில் அவளுக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

என் மனதில் இருந்தது இவ்வளவுதான், ஐயா. கொஞ்சம் தடுமாறுவாள், முட்டி சிராய்க்கும், பயந்துபோவாள். சி ரூசாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் படிகள் எவ்வளவு செங்குத்து என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

மறுநாள் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மோட்டார் சைக்கிளைக் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நடந்து திரும்பி வந்தேன். அவள் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் பின்கதவை விரியத் திறந்து வைத்தேன்; சாயம் காய வேண்டுமே. சமையற்கட்டில் போய் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இடி இடித்தது. துணி கொடியில் கிடந்தது.

வலது கையைச் சுவரில் ஓட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். கை வழுக்கும்வரை நிற்க வேண்டியதில்லை என்று அவளுக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன். என்னைக் கடந்துதான் போனாள். சுவர் முடிந்ததை அவள் கை உணர்வதற்குள் கால் வாசலைத் தாண்டிவிட்டது.

உடனே செத்துவிட்டாள் என்று நான் முதலில் உங்களிடம் சொன்னது பொய். கால்வாயில் விழுந்து கிடந்தாள். இடுப்பை அசைக்க முடியவில்லை போலிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, தண்ணீர் ஏறத் தொடங்கியது. நான் கடையில் இருப்பதாகத்தான் நினைத்திருப்பாள். ஆனாலும் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் ராக்கம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாள். "என்னங்க… என்னங்க…" எத்தனை காலம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. போகத்தான் எழுந்தேன். இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்தேன். கூப்பிட்டாள். மறுபடியும் எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன்.

அவளை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, ஐயா. அடுத்த தடவை கூப்பிட்டதும் போவதாகத்தான் இருந்தேன். அவள்தான் அப்புறம் கூப்பிடவே இல்லை.