நாலாவது பெட்டி

— கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்தப் பெட்டியை மட்டும் ஏன் பாதியில விட்டுட்டீங்க?

— எந்தப் பெட்டியை?

— நாலாவதை. இப்ப கையில வெச்சிருக்கீங்களே, அதைத்தான்.

— இது முடிஞ்சாச்சு, தாயே. கூரையை மூட வேண்டியதுதான் பாக்கி.

— முடியலைங்க. டாய்லெட் இருக்கிற கோடியில ஆறு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல. வாசப்படிப் பக்கத்துல ஏறிப் பிடிக்கிற கம்பி இல்ல. அந்தக் கோடியில உள்ள ஒரு ஆள் கூட உக்காரல.

— கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பாக்குறியா?

— போட்டிருக்கேன். நீங்க போட்டுவிட்ட கண்ணாடிதான்.

— நான் போட்டுவிட்டதுன்னா பவர் தப்பா இருக்காது. அப்போ பாக்குற ஆள்கிட்டதான் கோளாறு. முப்பத்தஞ்சு வருஷம் கடை போட்டு ஊர்க் கண்ணையெல்லாம் சோதிச்சவன்கிட்ட வந்து ஜன்னல் இல்லேங்கிற.

— விளையாடாதீங்க. நாளைக்குக் காலையில கண்காட்சி ஹால்ல கொண்டுபோய் வெக்கணும். ஆறு பெட்டியும் ஒண்ணா ஓடணும்னு ஒரு மாசமா இந்த மேஜையை விட்டு எந்திரிக்கல நீங்க.

— கடையில வாங்கினப்போ எப்படி இருந்தது, யோசிச்சுப் பாரு. ஆறும் ஒரே அச்சு. வழவழன்னு பொம்மை ரயில். கைப்பிடிக் கம்பின்னு சொல்லி பிளாஸ்டிக்ல ஒரு மேடு வெச்சிருந்தான். அதைச் சீவி எடுத்துட்டு, தலைமுடி கனத்துக்குக் கம்பி வளைச்சு வெச்சது யாரு?

— நீங்கதான்.

— புது ஃபிரேம்ல சும்மா மாட்டிவர்ற பிளாஸ்டிக் லென்ஸை வெட்டி வெட்டி ஜன்னல் போட்டது யாரு? டாய்லெட் ஜன்னலுக்கு மட்டும் உப்புத்தாள் தேய்ச்சு மங்கலாக்கினது யாரு?

— நீங்கதாங்க. முதல் மூணு பெட்டியும் கண்ணுல ஒத்திக்கலாம். மழைத்தண்ணி ஒழுகின கறை கூட இருக்கு. அதனாலதான் கேக்குறேன், நாலாவதுக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. இந்தா, திருப்பியே காட்டுறேன். எது, டாய்லெட் கோடிதானே சொன்ன? எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. ஆறுலயும் கண்ணாடி இருக்கா இல்லையா?

— இருக்கு.

— கம்பி?

— இருக்கு. ஆனா இது பெட்டியோட அந்தப் பக்கம்ங்க. இந்தப் பக்கத்துல இப்ப இன்னொரு கோடி காலியா இருக்கு.

— கேளு. முதல்ல அந்தக் கோடி காலின்ன. திருப்பிக் காட்டினா இந்தக் கோடி காலிங்கிற. ஓட்டை என்ன, டிக்கெட் எடுத்துக்கிட்டு பெட்டிக்குள்ள நடந்து போகுதா?

— எனக்கு என்னங்க தெரியும். கண்ணுல படுறதைச் சொல்றேன். விரலை வெச்சா உள்ள போகுது, பாருங்க.

— குத்தாதே, குத்தாதே. பசை இன்னும் காயல. குத்தினா கழண்டு உள்ளதான் விழும்.

— நான் குத்தல.

— சரி. நீ குத்தல.

— அப்படிச் சொல்லாதீங்க.

— எப்படி?

— அந்தக் குரல்ல. எங்கம்மாகிட்ட கடைசியில நான் அப்படித்தான் பேசுவேன். சரிம்மா, நீ எடுக்கல. சரிம்மா, நீ கொட்டல.

— நான் அதை நினைச்சுச் சொல்லல.

— வேற எதை நினைச்சீங்க?

— உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. இந்தப் பெட்டிக்கு எத்தனை ஆளுக்குக் கலர் அடிச்சுக் கொடுத்த?

— இருபத்து நாலு.

— பன்னெண்டு.

— இருபத்து நாலுங்க. ஜன்னலுக்கு ஒரு ஆள்னு நீங்கதானே சொன்னீங்க. பேப்பர் படிக்கிறவரு, குடை வெச்ச அம்மா, வாயைத் திறந்து தூங்குற ஆளு. நகம் அளவு இருக்கிற ஆளுங்க முட்டியை வெட்டி, உக்கார வெக்கிற மாதிரி செஞ்சு, டப்பா மூடியில வரிசையா நிறுத்தி இங்கதான் வெச்சேன். தோ, இன்னும் மூடியில பாதிப் பேர் இருக்காங்களே.

— அது அஞ்சாவது பெட்டிக்கு. நேத்து நீயே சொன்ன.

— நான் சொன்னேனா?

— சொன்ன.

— ஞாபகமே இல்லையே.

— விடு. பத்தரைக்கு டீ கேட்டேனே, அது ஞாபகம் இருக்கா? சரின்னு போன. வரவே இல்ல. சொன்னா சங்கடப்படுவியேன்னு பேசாம இருந்தேன்.

— கொண்டு வந்தேங்க. உங்க முழங்கைக்குப் பக்கத்துலதானே இருக்கு. இந்தா, ஏடு கட்டி நிக்குது.

— இதை இப்பத்தானே கொண்டு வந்து வெச்ச.

— இப்ப வெச்சிருந்தா சில்லுன்னு இருக்குமா?

— அப்போ சூடு பண்ணாமலே கொண்டு வந்திருக்க.

— ஐயோ, அப்படியெல்லாம் பண்ணுவேனா?

— போன வாரம் வீட்டுச் சாவி மாவு டப்பாவுல கிடந்தது. இஸ்திரிப் பெட்டி ராத்திரி பூரா சூடா இருந்தது. நான் ஏதாவது கேட்டேனா? ஒரு வார்த்தை கேக்கல.

— உங்களுக்குத் தெரியுமா அது?

— தெரியும்.

— நான்தான் பயந்துக்கிட்டு சொல்லல. சாவி கை தவறி விழுந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எங்கம்மாவுக்கும் சாவியிலதாங்க ஆரம்பிச்சது.

— அழாதே. பெட்டி மேல சொட்டினா கறை நிஜமாவே ஆயிடும். என் ஃபோன் எங்க? அதையும் எங்கயாவது வெச்சுட்டியா?

— மேஜையிலதான் இருக்கு, அந்தப் பக்கம். இந்தாங்க, பிடிங்க. யாருக்கு?

— பாப்பாவுக்கு. என் தங்கச்சி நர்ஸா இருந்து நமக்கு என்ன பிரயோஜனம், இதுக்குக் கூட உதவலேன்னா. இரு, எடுத்துட்டா. பாப்பா, அண்ணன் பேசுறேன். டூட்டி முடிஞ்சுதா?

— இப்பத்தான் வீட்டுக்குள்ள காலை வெச்சேன், அண்ணே. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒரு நடை வந்துட்டுப் போறியா. உங்க அண்ணிக்கு... அண்ணிக்குக் கொஞ்சம் சரியில்ல.

— என்ன பண்ணுது?

— இருக்கிறதை இல்லேங்கிறா. இல்லாததை இருக்குங்கிறா.

— எதை?

— ரயில் பெட்டியில ஜன்னலை. நான் கண்காட்சிக்குச் செய்யுறேனே, அது. பாதி ஜன்னலைக் காணோம்னு நிக்கிறா. காட்டினா, இந்தப் பாதி இல்ல அந்தப் பாதிங்கிறா. எனக்குக் கை கால் ஓடல, பாப்பா.

— நீ பேச்சை ஏன் இப்படி இழுக்குற? வாய்ல ஏதாவது வெச்சிருக்கியா?

— ஒண்ணுமில்ல. அசதி.

— சரி. அண்ணிகிட்ட கொடு.

— இந்தா, உன்கிட்ட பேசணுமாம். மறைக்காம எல்லாம் சொல்லு.

— சொல்லும்மா. எங்கம்மா மாதிரி எனக்கும் ஆயிடுச்சா?

— அண்ணி, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம். காலியா இருக்கிறது எத்தனையாவது பெட்டி?

— நாலாவது.

— மூணாவது எப்படி இருக்கு?

— முழுசா இருக்கு. ரெண்டு பக்கமும், ரெண்டு கோடியும்.

— அதை எப்போ முடிச்சாரு?

— பத்து மணிக்கு. நான்தான் பஞ்சுல சுத்தி அட்டைப் பெட்டியில வெச்சேன். ரேடியோவுல பத்து மணி செய்தி ஆரம்பிச்சது. இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. நம்பு.

— நம்புறேன். சரி. நாலாவதை எப்போ எடுத்தாரு?

— உடனே. கலரெல்லாம் நேத்தே அடிச்சாச்சு. ஜன்னலும் கம்பியும் ஆளுங்களும்தான் பாக்கி.

— அதுல பசை காஞ்சிருக்கா?

— இல்ல, விரல்ல ஒட்டுது. ரெண்டு மணி நேரம் ஆகும்பாரு.

— இப்ப பதினொன்னே முக்கால். நல்லது.

— எது நல்லது?

— ஆஸ்பத்திரியில மருந்து போட நேரம் இருக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அண்ணன் முதுகுக்குப் பின்னால நின்னு பாருங்க. காலியா இருக்கிறது எந்தக் கைப் பக்கம்?

— இடது கை.

— பெட்டியைத் திருப்பினா?

— அப்பவும் இடது கைப் பக்கம்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு. நிஜமான ஓட்டைன்னா பெட்டியோட கூடவே திரும்பணும்ல?

— சரி. அண்ணி, அவர் குடிக்க எதுவும் கொடுக்காதீங்க. அந்த டீ வேண்டாம். தண்ணி கூட வேண்டாம்.

— ஏன்? டீயில நான் எதையாவது போட்டுட்டேனா?

— நீங்க எதையும் போடல. வாசக் கதவைத் திறந்து வைங்க. அண்ணனை எந்திரிக்க விடாதீங்க. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. அஞ்சு நிமிஷத்துல வரேன்.

— வெச்சுட்டாளா?

— வெச்சுட்டா. வராளாம்.

— என்ன கேட்டா உன்னை? பசை, பத்து மணின்னு என்னமோ காதுல விழுந்தது.

— எனக்கு ஞாபகம் இருக்கான்னு சோதிக்கிறா போல. கதவைத் திறந்து வெச்சுட்டு வரேன், எந்திரிக்காதீங்க.

— நான் எங்க எந்திரிக்கப் போறேன். ரெண்டு பெட்டி பாக்கி கிடக்கு.

— வந்துட்டேன். டீ கிளாஸை எடுத்துடுறேன்.

— குடிக்கலாம்னு பாத்தேன்.

— வேண்டாம். நான் போட்ட டீ. எனக்கே நம்பிக்கை இல்ல இப்போ.

— அட, விஷமா வெச்சிருப்ப? கல்யாணமான புதுசுல போட்ட டீயையே குடிச்சுப் பொழச்சவன் நான்.

— சிரிக்க வெக்காதீங்க. ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு.

— எங்கம்மாவை அறைக்குள்ள வெச்சு வெளியில தாழ்ப்பாள் போட்டோம். ஞாபகம் இருக்கா? தெருவுல இறங்கிப் போயிடுறாங்கன்னு. உள்ள இருந்து தட்டிக்கிட்டே இருப்பாங்க. நான் சமையலறையில ரேடியோவைச் சத்தமா வெச்சுக்குவேன்.

— அதை ஏன் இப்போ?

— எனக்கு அப்படிப் பண்ணிடாதீங்க.

— தாயே, இந்த வீட்டுல தாழ்ப்பாளே இல்லாம கழட்டிப் போட்டுடுறேன். திருடன் வந்தா வரட்டும். ரயில் பெட்டியைத் தவிர எடுக்க என்ன இருக்கு.

— நிஜமா?

— ஆறாவது பெட்டியில நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெக்கலாம்னு இருந்தேன். உன்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன். ஜன்னலோரம் நீ.

— ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்ததே கிடையாது நீங்க.

— பொம்மைதானே, கொடுத்துட்டுப் போறேன். அதான், உனக்குச் சரியாகுற வரைக்கும் நான் உன் கண்ணா இருக்கேன். நீ இல்லேன்னு சொல்றதை நான் இருக்குன்னு சொல்றேன். நீ அதை நம்பினா போதும்.

— சரிங்க. நம்புறேன். நீங்க சொன்னா அந்த ஜன்னல் இருக்கு. பன்னெண்டும் இருக்கு.

— அப்படிச் சொல்லு.

— உங்க வாய்க் கோடியில எச்சில் ஒழுகுது. துடைச்சு விடட்டுமா?

— எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

— இருங்க... வாம்மா. செருப்பைக் கூடக் கழட்டாம ஓடி வந்திருக்க.

— யாரை வாங்கிற?

— பாப்பாவைத்தான்.

— பாப்பா எங்க வந்தா? இன்னும் காணோமே.

— இதோ, உங்க இடது பக்கத்துல வந்து நிக்கிறாளே. ஏம்மா, வாயில ஏன் விரலை வெக்கிற? நான் பேசக் கூடாதா?

— யார்கிட்ட பேசுற நீ?

— உங்க தங்கச்சிகிட்டங்க.

— கேளு. என்னைப் பாரு. என்னை மட்டும் பாரு. இந்த அறையில நீயும் நானும்தான் இருக்கோம்.

— நிக்கிறாளே. நீல யூனிஃபார்ம் கூட மாத்தல. தோள்ல பை மாட்டியிருக்கா.

— யாரும் நிக்கல.

— உங்க இடது கையை எடுத்து நாடி பாக்குறா.

— என் கையை யாரும் எடுக்கல. எடுத்தா எனக்குத் தெரியாதா?

— அப்போ நான் பாக்குறது?

— ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல, தாயே. பயப்படாதே. பாப்பா வரட்டும். மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் உன் கூடவே இருப்பேன், எங்கயும் விட மாட்டேன்.

— வரேங்க. நீங்க சொன்னபடி வரேன். ஆனா அவ இன்னும் போகாம அங்கயே நிக்கிறா. அழுறா.

— கண்ணை மூடிக்க. மூடிட்டுத் திறந்தா போயிடுவா.

— அண்ணி, கண்ணை மூடாதீங்க, நீங்க பாக்குறது அத்தனையும் நிஜம். அண்ணே, நான் வந்து நேரமாச்சு, இது பக்கவாதம், உன் இடது பக்கம்தான் உனக்குத் தெரியாம போயிடுச்சு, வண்டி வாசல்ல நிக்குது. மெதுவா எந்திரி. இப்போ நான் பிடிச்சுத் தூக்குறேனே, இது உன்னோட இடது கைதான்.